சோலர் விளக்கின் சுற்றுப்பலகையை மாரிக்கு முன் மூடிப் பாதுகாத்தல்

மின்சாரக் கம்பி இன்னும் வந்து சேராத இடங்களில் மீளக்குடியேறிய குடும்பங்களுக்குச் சோலர் விளக்குத்தான் இரவு வெளிச்சம். பிள்ளைகள் படிப்பதும், இரவில் பாம்பு பூச்சிக்குப் பயமில்லாமல் கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போய்வருவதும், கைத்தொலைபேசிக்குச் சார்ச் ஏற்றுவதும் அதை நம்பித்தான். அது பழுதானால் மீண்டும் குப்பி விளக்குக்குப் போகவேண்டும். கிடுகுக் கூரைக்கும் தறப்பாளுக்கும் கீழே மண்ணெண்ணெய் விளக்கு எவ்வளவு ஆபத்தானது என்பது உங்களுக்குத் தெரியும்.

சோலர் தட்டு நன்றாகப் பராமரித்தால் 20 ஆண்டு வரையும் உழைக்கும். பற்றரி சில ஆண்டுகள் உழைக்கும். இடையிலுள்ள சிறிய சுற்றுப்பலகையோ ஒரே மாரியில் பழுதாகிவிடலாம். கடைக்காரர் "போட்" என்று சொல்வது இதைத்தான். சார்ச் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள்ளும் விளக்குக்குள்ளும் இது இருக்கிறது. இதை ஈரத்திலிருந்து காப்பாற்ற விலை கூடிய பொருள் தேவையில்லை. ஆனால் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு மூடினால், மூடாமல் விட்டதைவிடக் கெடுதியாகவும் முடியலாம்.

இந்தப் பாடத்தில் எதைக் கொண்டு மூடலாம், எதைக் கொண்டு மூடக் கூடாது, எப்படி மூடவேண்டும் என்பவற்றைப் பார்ப்போம். திருத்த வேலை தெரியாதவர்களும் இதை வாசியுங்கள். கடையில் கொடுத்துச் செய்விக்கும்போது என்ன கேட்கவேண்டும் என்பது தெரியவரும்.

1. பலகை ஏன் பழுதாகிறது?

சுற்றுப்பலகையில் மெல்லிய செப்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று மிக அருகில் ஓடுகின்றன. சுத்தமான காய்ந்த பலகையில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு மின் பாயாது. பலகையில் உப்புத் தூளோ சமையல் புகைக் கரியோ படிந்திருந்தால் நிலைமை வேறு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த உப்புநீரின் வழியாகக் கோட்டிலிருந்து கோட்டுக்குச் சிறிது சிறிதாக மின் பாயும். 12 வோல்ற் ஆனாலும் அது செம்பை அரித்துவிடும். பலகையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பது இந்த அரிப்புத்தான்.

மன்னார், பூநகரி, முல்லைத்தீவு போன்ற கரையோரங்களில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. உள்ளூர்ப் பகுதிகளில் மாரி ஈரமும் எறும்பும் முக்கிய காரணங்கள். வெதுவெதுப்பான பெட்டிக்குள் எறும்பு மண் கொண்டுவந்து கூடு கட்டும். அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பல்லி எச்சமும் இதே கேட்டைச் செய்யும்.

ஆகவே பலகையின் எதிரி தண்ணீர் மட்டுமல்ல, தண்ணீரும் அழுக்கும் சேர்ந்ததுதான். அழுக்கையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மேலே மூடினால் அரிப்பு உள்ளுக்குள் தொடர்ந்து நடக்கும். வெளியே தெரியாது, காயவும் வழியில்லை. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்: முதலில் கழுவுங்கள், பிறகு காயவிடுங்கள், அதன் பின்னரே மூடுங்கள்.

2. பூசுவதா, வார்ப்பதா?

பலகையை மூட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தூரிகையால் மெல்லிய பூச்சுப் பூசுவது. மற்றது, பலகையைப் பெட்டிக்குள் வைத்து மேலே திரவத்தை வார்த்துக் கட்டியாக இறுகவிடுவது.

செலவைக் கணக்குப் பார்ப்போம். பலகை 8 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 80 சதுர சென்ரிமீற்றர். 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் பூச 1 மில்லிலீற்றருக்கும் குறைவாகவே தேவை. உறுப்புகளைச் சுற்றிப் பூசுவதையும் வீணாவதையும் சேர்த்தாலும் 2 அல்லது 3 மில்லிலீற்றர் போதும். இதே பலகையை 9 சென்ரிமீற்றர் நீளம், 6 சென்ரிமீற்றர் அகலமான பெட்டிக்குள் வைத்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு வார்த்தால் ஏறக்குறைய 80 மில்லிலீற்றர் வேண்டும்.

வார்த்து மூடிய பலகையைப் பெரும்பாலும் திருத்த முடியாது. ஒரு சிறிய உறுப்பு பழுதானாலும் முழுவதையும் எறியவேண்டிவரும். பூசிய பலகையில் பூச்சைச் சுரண்டிவிட்டு ஈயம் பற்றலாம். ஆகவே வீட்டுக்குள் கூரையின் கீழ் இருக்கும் பலகைகளுக்குப் பூச்சே போதும். மழையில் நனையும் கிணற்றடி விளக்கின் வயர் இணைப்பு, நிலத்துக்குள் போகும் இணைப்பு போன்றவற்றுக்கு மட்டும் வார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

3. எந்தப் பொருள் எதற்கு உதவும்?

நிறமில்லாத வார்னிஷ். மரத்தளபாடத்துக்கு அடிக்கும் பொலியூரித்தேன் வார்னிஷ் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். மெல்லியதாக இரண்டு தடவை பூசினால் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஒரு சிறிய ரின் ஒரு கிராமத்தின் எல்லாப் பலகைகளுக்கும் போதும். பல குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது நல்லது. நிறம் சேர்த்த வார்னிஷ் வேண்டாம்.

கியூட்டெக்ஸ். நகத்துக்குப் பூசும் நிறமில்லாத கியூட்டெக்ஸை, ஈயம் பற்றித் திருத்திய சிறிய இடங்களுக்குப் பூசலாம். முழுப் பலகைக்கும் இது கட்டுப்படியாகாது. இலகுவில் தீப்பற்றும். சில பிளாஸ்ரிக்கையும் கரைக்கும்.

சிலிக்கன். யன்னல், குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிக்கன் குழாய்களில் இரண்டு வகை உண்டு. திறந்தவுடன் வினாகிரி மணம் வருவது ஒரு வகை. அது இறுகும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். அதைப் பலகையில் பூசவே கூடாது. "நியூற்றல்" என்று எழுதியிருக்கும், வினாகிரி மணமில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். அது சூட்டையும் நன்றாகத் தாங்கும். வயர் பெட்டிக்குள் நுழையும் இடங்களை அடைக்கவும், வயர் அசைந்து ஈயப்பற்று விடாமல் பிடித்துவைக்கவும் நல்லது. காற்றிலுள்ள ஈரத்தால்தான் இது இறுகும். ஒரு நாளைக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஆழம்தான் இறுகுவதால் பெட்டி நிறைய ஊற்றினால் உள்ளே களியாகவே கிடக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு துண்டுச் செப்பு வயரை மினுங்கும்வரை சுரண்டி, பாதியில் சிலிக்கனைப் பூசி, ஒரு சிறிய போத்தலில் மூடி ஒரு கிழமை வையுங்கள். வயர் பச்சையானால் அந்தச் சிலிக்கன் பலகைக்கு உதவாது. வேறு எந்தப் புதிய பொருளையும் பலகையில் பூசுமுன் இப்படிப் பரீட்சிக்கலாம்.

மெழுகு. இலகுவில் கிடைக்கும், திரும்ப உருக்கி எடுக்கலாம் என்பது இதன் நன்மை. மெழுகுதிரியின் மெழுகு 50 முதல் 65 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். தகரக் கூரைக்குக் கீழோ நேர் வெயிலிலோ உள்ள பெட்டிக்குள் மெழுகு இளகும் அளவுக்குச் சூடு ஏறலாம். இறுகும்போது சுருங்கி வெடிக்கும் குணமும் உண்டு. சிறிதளவு தேன்மெழுகு சேர்த்தால் வெடிப்புக் குறையும். சில மெழுகுதிரிகளில் ஸ்ரியரிக் அமிலம் கலந்திருக்கும். அது நாளடைவில் செம்பைப் பச்சையாக்கும். ஆகவே நிழலில் குளிர்ச்சியான இடத்தில் இருக்கும், சூடேறாத சிறிய பலகைக்கு மட்டும் மெழுகு பொருந்தும். வேறு வழியிருந்தால் அதையே தெரிவுசெய்யுங்கள்.

எப்பொக்சி. இரண்டு குழாய்களாக வரும் அரல்டைட் போன்ற பசை. சம அளவில் கலக்கும் வகையில் அளவு தவறினால் இறுகாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட மெதுவாக இறுகும் வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும். அதிக அளவை ஒரே தடவையில் வார்த்தால் தானாகவே கடுஞ்சூடாகும். ஆகவே சிறிது சிறிதாக, ஒரு படை ஆறிய பின் அடுத்த படையாக வாருங்கள். எப்பொக்சியை ஒருமுறை வார்த்தால் பிறகு எடுக்க முடியாது.

சூட்டுப் பசை. பசைத் துப்பாக்கியால் உருக்கி வைக்கும் பசை வயரைப் பிடித்துவைக்க மட்டும் உதவும். தண்ணீரைத் தடுக்காது. நாளடைவில் பலகையிலிருந்து கழன்றுவிடும்.

4. பாவிக்கக் கூடாதவை

பைபர் வள்ளம் செய்யும் பொலியெஸ்ரர் ரெசின் கரையோரக் கிராமங்களில் இலகுவாகக் கிடைக்கும். ஆனால் இறுகும்போது அது அதிகம் சுருங்கி, சூடேறி, சிறிய உறுப்புகளையும் ஈயப்பற்றுகளையும் இழுத்து உடைக்கலாம். இறுகவைக்கச் சேர்க்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். வெளிப்பெட்டி செய்யவோ வெடித்த பெட்டியை ஒட்டவோ பழக்கமுள்ளவர்கள் அதைப் பாவிக்கலாம். பலகையின் மேல் வேண்டாம்.

தார் உருகுவதற்குக் கடுஞ்சூடு வேண்டும். அந்தச் சூடு பலகையையும் கெடுக்கும், உங்கள் கையையும் சுடும். சீமெந்து, சுண்ணாம்பு, களிமண் என்பன ஈரத்தை உறிஞ்சிவைக்கும். தேங்காய் எண்ணெயும் கிறீசும் தூசியையும் எறும்பையும் அழைக்கும். ரெஜிபோமைப் பெற்றோலில் கரைத்துப் பூசுவது வீட்டையே எரிக்கக்கூடிய வேலை. அதைச் செய்யவே கூடாது.

5. பலகையில் மூடக் கூடாத இடங்கள்

• வயர் செருகும் இடங்கள், திருகாணி இறுக்கும் இடங்கள், சுவிச், பியூஸ்.
• உலோகத் தகட்டில் பொருத்திய ரான்சிஸ்ரர், அந்தத் தகடு. இவை சூட்டை வெளியேற்றவேண்டும். மூடினால் தம் சூட்டிலேயே எரியும்.
• உருளை வடிவான கொண்டென்சரின் தலைப்பகுதி. உள்ளே அழுத்தம் கூடினால் திறப்பதற்காக அங்கே கீறல் போடப்பட்டிருக்கும்.
• வெளிச்சம் தரும் எல்.ஈ.டி யின் முகமும், அதன் பின்னாலுள்ள உலோகத் தகடும்.
• பற்றரி. எந்த வகைப் பற்றரியையும் பூசவோ வார்க்கவோ கூடாது. ஈய அசிட் பற்றரி வாயுவை வெளிவிடும். லிதியம் பற்றரி வீங்கித் தீப்பற்றலாம்.

6. செய்முறை

ஆவணி, புரட்டாதி மாதங்களில், ஐப்பசி மழை தொடங்குமுன் செய்யுங்கள். வெயிலுள்ள ஒரு நாளின் மதிய வேளையில் பூசுவது நல்லது. ஈரமான மாலையில் பூசினால் ஈரமும் உள்ளே அகப்படும்.

உத்தரவாதக் காலம் முடியாத விளக்கையோ, அண்மையில் நிறுவனம் வழங்கிய விளக்கையோ நீங்களாகத் திறக்கவேண்டாம். முதலில் வழங்கியவர்களிடம் கேளுங்கள்.

முதலாவது, கழற்றுதல். முதலில் விளக்கின் வயரையும், அடுத்துச் சோலர் தட்டின் வயரையும், கடைசியாகப் பற்றரி வயரையும் கழற்றுங்கள். கழற்றிய பற்றரி வயர் நுனிகள் ஒன்றோடொன்று தொடாதபடி தனித்தனியாக ரேப் சுற்றுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்பதை ஒரு கடதாசியில் வரைந்து வையுங்கள்.

இரண்டாவது, கழுவுதல். பழைய ரூத்பிரஷால் மண்ணையும் பூப்பையும் தட்டி எடுங்கள். பிறகு மழைநீராலோ, பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடித்த நீராலோ கழுவுங்கள். பற்றரி அசிட்டை எடுத்துவிடாதீர்கள், போத்தலை வாசித்துப் பாருங்கள். எங்கள் பகுதிக் கிணற்று நீரில் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. அதனால் கழுவினால் திரும்பவும் உப்பைப் பூசியதுபோலாகும். கைத்தொலைபேசி திருத்தும் கடையில் ஐசோப்ரோப்பைல் அற்ககோல் கிடைத்தால் கடைசியாக அதனால் ஒருமுறை துடையுங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

மூன்றாவது, காயவிடுதல். காற்றோட்டமான இடத்தில், எறும்பு ஏறாதபடி நுளம்பு வலையால் மூடி, இரண்டு வெயில் நாள் காயவிடுங்கள். இரவில் உள்ளே எடுத்துவையுங்கள். அடுப்பின் மேல் வைக்கவேண்டாம்.

நான்காவது, சோதித்தல். பூசுமுன் பலகையைத் திரும்ப இணைத்து விளக்கு எரிகிறதா, சார்ச் ஏறுகிறதா என்று பாருங்கள். இணைக்கும்போது பற்றரி முதலில், பிறகு சோலர் தட்டு, கடைசியில் விளக்கு. வேலை செய்யாத பலகையைப் பூசிப் பயனில்லை. முதலில் திருத்துவியுங்கள். வேலை செய்தால் மீண்டும் முன்போலக் கழற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பூசுதல். மூடக் கூடாத இடங்களை ரேப்பால் மறையுங்கள். சிறிய தூரிகையால் வார்னிஷை மெல்லியதாகப் பூசுங்கள். ஈயப்பற்றுகள் உள்ள அடிப்பக்கம்தான் முக்கியம். ஒரு நாள் காயவிட்டு, முதலில் நீளவாக்கில் பூசியிருந்தால் இரண்டாம் தடவை குறுக்குவாக்கில் பூசுங்கள். தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் மேலே தோல் பிடித்து உள்ளே காயாது. இன்னும் ஒரு நாள் விட்டு ரேப்பை எடுத்துப் பெட்டிக்குள் பூட்டுங்கள்.

வெளியே உள்ள வயர் இணைப்பை வார்த்து மூடுவதானால், 2 சென்ரிமீற்றர் உள்விட்டமும் 6 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள பி.வி.சி குழாய்த் துண்டு போதும். ஈயம் பற்றிய இணைப்புகள் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் வைத்து, ஒரு முனையை ரேப்பால் அடைத்து நிமிர்த்துப் பிடித்து எப்பொக்சியை வாருங்கள். ஏறக்குறைய 19 மில்லிலீற்றர் பிடிக்கும். செலவைக் குறைக்க, முதலில் இணைப்புகள் மூடும்வரை தனி எப்பொக்சியை வார்த்து இறுகவிட்டு, மிகுதிக்கு மெல்லிய மணலைச் சம அளவு வரை கலக்கலாம். ஆற்று மணலை நல்ல நீரில் கழுவி, அரித்து, சட்டியில் வறுத்து ஆறவிட்டுப் பாவியுங்கள். கடற்கரை மணலில் உப்பு உண்டு, அது வேண்டாம்.

7. பெட்டியும் இடமும்

எவ்வளவு நன்றாகப் பூசினாலும், தண்ணீர் ஒழுகும் இடத்தில் வைத்தால் பலகை நீடிக்காது. இவற்றுக்குச் செலவே இல்லை:

• வயர்கள் பெட்டியின் அடிப்பக்கத்தால் உள்ளே போகட்டும். நுழையுமுன் வயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.
• பெட்டியின் அடியில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் துளை ஒன்று விடுங்கள். உள்ளே வியர்க்கும் நீர் வெளியேறும். எறும்பு ஏறாமல் துளைக்கு உட்புறம் மெல்லிய கம்பிவலைத் துண்டொன்றை ஒட்டுங்கள்.
• வெள்ளம் ஏறிய உயரம் தெரிந்தால் அதற்கு மேலே பொருத்துங்கள். வெயில் படாத சுவர் நல்லது. அடுப்புக்கு மேல் வேண்டாம்.
• ஈய அசிட் பற்றரி இருக்கும் அதே பெட்டிக்குள் பலகையை வைக்கவேண்டாம். அசிட் ஆவி செம்பை அரிக்கும்.
• மாதம் ஒருமுறை திறந்து எறும்பு, ஈரம், பச்சைப் பூப்பு உண்டா என்று பாருங்கள்.

8. பாதுகாப்பு: கட்டாயம் வாசிக்கவும்

230 வோல்ற் மின்சாரத்தில் வேலை செய்யும் எந்தப் பலகையையும் இந்த முறையில் மூடவேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின் தேங்கி நிற்கலாம். அது பயிற்சி பெற்ற மின் வேலையாளின் வேலை.

மெழுகை நேரடியாக அடுப்பில் உருக்கவேண்டாம். தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் சிறிய ரின்னை வைத்து உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடுங்கள்.

எப்பொக்சி தோலில் பட்டால் சொறி வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். கையுறை போடுங்கள். பட்டால் சவர்க்காரத்தால் கழுவுங்கள். வார்னிஷ், எப்பொக்சி வேலைகளை வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் அருகில் இருக்கவேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: வளவிலோ பற்றைக்காட்டிலோ பழைய பதுங்குகுழியிலோ வயர், பற்றரி, கறுப்பாக அல்லது பிளாஸ்ரிக்கால் வார்த்து மூடிய பெட்டி எதையாவது கண்டால் உதிரிப்பாகத்துக்காக எடுக்காதீர்கள். அது வெடிபொருளின் பகுதியாக இருக்கலாம். தொடவேண்டாம், கல்லெறியவேண்டாம். வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. பழைய பலகைகளைப் பொறுக்கிவரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். உதிரிப்பாகம் கடையில் மட்டும் வாங்குங்கள்.

ஞாபகத்தில் வைக்க

• கழுவு, காயவிடு, சோதி, பிறகு மூடு.
• வீட்டுக்குள் மெல்லிய வார்னிஷ் பூச்சு. வெளி இணைப்புக்கு மட்டும் எப்பொக்சி வார்ப்பு.
• வினாகிரி மணக்கும் சிலிக்கன் பலகைக்கு ஆகாது.
• சூடேறும் உறுப்பையும் பற்றரியையும் மூடாதே.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. போன மாரியில் உங்கள் வட்டாரத்தில் எத்தனை விளக்குகள் பழுதாகின? அவற்றின் பலகையைத் திறந்து பார்த்தால் உப்பு, எறும்பு, புகை, ஒழுக்கு ஆகியவற்றில் எது காரணமாகத் தெரிகிறது?

2. உங்கள் வீட்டில் பெட்டி பொருத்தியிருக்கும் இடம் சரியானதா? செலவில்லாமல் எதை மாற்றலாம்?

3. ஒரு ரின் வார்னிஷையும் ஒரு குழாய் நியூற்றல் சிலிக்கனையும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகச் சேர்ந்து வாங்கினால் எத்தனை குடும்பங்களுக்குப் போதும்? உங்கள் பகுதியில் ஈயம் பற்றத் தெரிந்தவர் யார்? ஐப்பசிக்கு முன் ஒரு நாளைக் குறித்து, எல்லோருடைய பலகைகளையும் ஒன்றாகப் பூசி முடிக்க முடியுமா?